அதிகாரம் இல்லாத சூப்பர்வைசர் ஆட்களை எப்படி நடத்துவது?

பேரணாம்பட்டு பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம்பூர் அருகே ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். மூன்று மாதமாக அதே லைனுக்கு சூப்பர்வைசர். 36 பேர், முப்பது பேர் பெண்கள், பாதிப்பேர் வயதில் மூத்தவர்கள், அதில் ஒருவர் அவருடைய சொந்த அத்தை. டார்கெட் வருவதில்லை. மேனேஜர் "கொஞ்சம் கறாராக இரு" என்கிறார். எம்.பி.ஏ. படிக்கும் நண்பர் "ஆர்கனைசேஷனல் பிஹேவியர் படி" என்கிறார். அது என்ன படிப்பு, எனக்கு உதவுமா, அத்தையை என்ன செய்வது? இவைதான் கேள்வி.

உதவும் தம்பி. நான் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலுமாக 31 வருடம் தோல், ஷூ கம்பெனிகளில் இருந்தவன். முதல் இரண்டு வருடம் லைன், அப்புறம் ரிட்டயர் ஆகும்வரை பெர்சனல் டிபார்ட்மென்ட். இந்தப் படிப்பை நான் தபால் வழியில் படித்தது நாற்பது வயதில். படிக்கும்போது "அட, இதுதான் அன்றைக்கு நடந்ததா" என்று பக்கத்துக்குப் பக்கம் தோன்றியது. முன்பே படித்திருந்தால் சில தப்புகளைச் செய்திருக்க மாட்டேன்.

தமிழில் நிறுவன நடத்தையியல் என்பார்கள். பெயர்தான் பெரிது. வேலை நடக்கும் இடத்தில் மனிதர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பது, அவ்வளவுதான். தனி ஆளாக எப்படி, கூட்டமாகச் சேர்ந்தால் எப்படி, மொத்த கம்பெனியாக எப்படி என்று மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்வார்கள். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன குர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1936-இல் இதைக் கணக்குச் சூத்திரம் மாதிரி எழுதினார்: ஒருவருடைய நடத்தை என்பது அந்த ஆளும் அவர் இருக்கும் சூழலும் சேர்ந்து உண்டாக்குவது. பார்த்தால் இதில் என்ன பெரிய விஷயம் என்று இருக்கும். ஆனால் நாம் எல்லோரும் தினமும் தப்பு விடுவது இங்கேதான். நான் லேட்டாக வந்தால் பஸ் லேட். அந்த அம்மா லேட்டாக வந்தால் சோம்பேறி. நமக்கு என்றால் சூழலைச் சொல்கிறோம், அடுத்தவருக்கு என்றால் ஆளைச் சொல்கிறோம். அடுத்தவர் செய்வதற்குச் சூழலை விட்டுவிட்டு ஆளையே காரணம் சொல்லும் இந்தச் சாய்வுக்கு லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-இல் ஒரு பெயரே வைத்தார்.

ஒன்று சொல்கிறேன். நான் இருந்த ஒரு கம்பெனியில் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் லைன் படுத்துவிடும். ஷிஃப்ட் முடிவது ஐந்தரைக்கு. "கடைசி அரைமணி ஏமாற்றுகிறார்கள்" என்று மேலே முடிவு செய்துவிட்டார்கள். மெமோ டைப் அடிக்கும் வேலை என்னிடம் வந்தது. அடிப்பதற்கு முன்னால் மூன்று நாள் சாயங்காலம் போய்ச் சும்மா நின்றேன். நடந்தது இதுதான். சொல்யூஷன் (ஒட்டும் பசை) தடவுகிற கை, சாதாரணமாகக் கழுவினால் போகாது, தேய்க்க வேண்டும். பெண்கள் பக்கம் குழாய் இரண்டு. கழுவ வேண்டியவர்கள் நூற்றுக்கு மேல். வேன் கிளம்புவது 5:40-க்கு, டிரைவர் ஒரு நிமிடம் நிற்க மாட்டார். வேனை விட்டால் ரோடு வரை நடந்து, டவுன் பஸ் பிடித்து, இறங்கி ஷேர் ஆட்டோ. வீட்டுக்குப் போக எட்டு மணி. பால் கறக்க மாடு நிற்கிறது, பிள்ளை டியூஷனிலிருந்து வந்து பூட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஐந்து மணிக்கே ஒருத்தி எழுந்து போய் வரிசையில் நிற்பாள், அவளைப் பார்த்து அடுத்தவள். யாருடைய குணமும் கெட்டுப்போகவில்லை. குழாய் எட்டானது, வேன் பத்து நிமிடம் தள்ளிப்போனது. அந்த அரைமணி தானாகத் திரும்பி வந்தது. மெமோ அடிக்கவே இல்லை.

அதனால் உங்கள் லைனில் டார்கெட் ஏன் வரவில்லை என்று யோசிக்கும்போது, "யார் வேலை செய்வதில்லை" என்று முதலில் கேட்காதீர்கள். "எந்த நேரத்தில், எந்த மிஷினில், எதற்குப் பிறகு குறைகிறது" என்று கேளுங்கள். ஒரு வாரம் மணிக்கு மணி எண்ணி ஒரு நோட்டில் எழுதினால் பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். கட்டிங்கிலிருந்து பீஸ் வராமல் கை கட்டி உட்கார்ந்திருந்த நேரமும் உங்கள் லைன் கணக்கில்தான் ஏறியிருக்கும், பாருங்கள்.

சரி, எண்ணினீர்கள், பீஸ் வருகிறது, மிஷின் ஓடுகிறது, அப்பவும் வரவில்லை. அப்போது அடுத்த சந்தேகம்: அவர்களால் முடியவில்லையா, அவர்கள் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார்களா? இதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. இந்தப் படிப்பிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அது.

அமெரிக்காவில் ஃபிரெடரிக் டெய்லர் என்ற இன்ஜினியர் 1911-இல் ஒரு புத்தகம் போட்டார். வேலையைத் துண்டு துண்டாக அளந்து, எது சரியான முறை என்று கண்டுபிடித்து, அந்தப்படி செய்ய வைத்தால் உற்பத்தி பெருகும் என்பது அவர் கட்சி. ஒரு உருக்காலையில் நாளுக்கு 12.5 டன் இரும்புக்கட்டி சுமந்துகொண்டிருந்த ஆள், அவர் சொன்னபடி செய்து 47.5 டன் சுமந்ததாக எழுதினார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். இந்தக் கதையை அவர் ஊதிப் பெருக்கிவிட்டார் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அது இருக்கட்டும். ஸ்டாப் வாட்சோடு உங்கள் லைனுக்கு ஒருவர் வந்து நின்றால் எல்லோருடைய கையும் தானாக மெதுவாகிறதே, அது இந்தக் கணக்கு அவர்களுக்கும் தெரியும் என்பதால்தான்.

அப்புறம் சிகாகோ பக்கம் ஹாதார்ன் என்ற இடத்தில் டெலிபோன் சாமான் செய்யும் ஃபேக்டரி. 1924-லிருந்து 1932 வரை அங்கே சோதனை மேல் சோதனை. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று ஆரம்பித்தார்கள்; கூட்டினாலும் கூடியது, குறைத்துப் பார்த்தபோதும் சில இடத்தில் கூடியது. நம்மைக் கவனிக்கிறார்கள் என்றாலே மனிதர்கள் மாறுகிறார்கள் என்று எல்டன் மேயோ முதலிய ஆராய்ச்சியாளர்கள் விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்துக்கு அந்தப் புள்ளிவிவரம் போதாது என்று பிறகு சண்டையும் நடந்தது. பாடப்புத்தகம் பெரும்பாலும் இந்த விளக்குக் கதையோடு நின்றுவிடும். நமக்கு வேண்டியது அதே ஃபேக்டரியில் 1931, 32-இல் நடந்த கடைசிப் பகுதி. வயரிங் பிரிவின் 14 ஆண்களை ஒரு அறையில் வைத்து, எதையும் மாற்றாமல், ஓரமாக உட்கார்ந்து பார்த்தார்கள். கூட்டமாகச் செய்வதற்குத் தகுந்தபடி கூலி கூடும் ஏற்பாடு இருந்தது. கணக்குப்படி எல்லோரும் வேகமாகச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அவர்களுக்குள் ஒரு அளவு வைத்திருந்தார்கள். தாண்டிப் போகிறவனுக்குத் தோள்பட்டைக்குக் கீழே ஒரு குத்து. ரொம்பக் குறைத்துச் செய்பவனுக்கும் திட்டு. சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்பவன் கோள்மூட்டி. ஊரெங்கும் வேலை போய்க்கொண்டிருந்த பெருமந்த காலம் அது. வேகமாகச் செய்தால் ரேட்டைக் குறைப்பார்கள், இல்லை ஆளைக் குறைப்பார்கள் என்ற பயம்.

நம் பக்கம் குத்து கிடையாது. வேனில் இடம் பிடித்து வைக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஒரு பெண் புதிதாக வந்தாள், நல்ல கை, மத்தியானத்துக்குள் மற்றவர்களைவிட இருபது ஜோடி முன்னால். பத்தே நாளில் அவளும் எல்லோர் அளவுக்கு வந்துவிட்டாள். "என்னம்மா, உடம்பு சரியில்லையா" என்று கேட்டேன். "அண்ணா, இன்னிக்கு நான் தச்சா நாளைக்கு அதான் டார்கெட்டு. அப்புறம் அக்காங்க என்னைத்தான் திட்டுவாங்க" என்றாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. அதற்கு முந்தின வருடம்தான், ஒரு மாதம் சேர்ந்தாற்போல் டார்கெட் வந்தது என்று நிர்வாகம் டார்கெட்டை ஏற்றியிருந்தது.

உங்கள் கம்பெனியிலும் இப்படி ஏற்றுகிற வழக்கம் உண்டா என்று உங்களுக்கே தெரியும், ஆறு வருடம் தைத்தவர். நீங்களும் அளந்துதானே தைத்திருப்பீர்கள்? டார்கெட்டை முடிவு செய்யும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்றால், "ஏறாது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஏறினால் அன்றோடு உங்கள் கதை முடிந்தது. "இந்த ஆர்டர் முடியும்வரை இதுதான், மேலே கேட்டு எழுதி வாங்கியிருக்கிறேன்" என்று சொல்லக்கூடிய நிலைக்கு முதலில் மேனேஜரைக் கொண்டுவாருங்கள். அவரிடம் கறாராக இருக்க வேண்டிய இடம் அது.

வேனைச் சொன்னேன் அல்லவா. ஆபீஸ் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கும், மேலே ஜி.எம்., கீழே மேனேஜர், அதற்குக் கீழே நீங்கள் என்று கோடு போட்டு. நிஜமான படம் வேனில் இருக்கிறது. யார் பக்கத்தில் யார், யார் ஏறினால் பேச்சு நிற்கிறது, யார் சொன்னால் டிரைவர் பாட்டை மாற்றுகிறார். இந்தப் படிப்பில் இதை முறைசாராக் குழு என்பார்கள். அதற்குத் தலைவர் உண்டு, தேர்தல்தான் கிடையாது. கண்டுபிடிக்க எளிய வழி: யார் மாதச் சீட்டு நடத்துகிறார்கள் என்று பாருங்கள். மாதம் முப்பது பேர் நம்பிப் பணம் கொடுக்கும் அக்காவின் பேச்சுக்கு உங்கள் நோட்டீஸ் போர்டைவிட மதிப்பு அதிகம். புதிதாக எதையாவது மாற்றுவதாக இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை முன்னால் சொல்லுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை. அவரை உளவாளியாக ஆக்கப் பார்க்காதீர்கள். "யார் என்ன பேசிக்கிறாங்க அக்கா" என்று ஒரு தடவை கேட்டால் போதும், அவரும் உங்களை விட்டுப் போய்விடுவார். நம் பக்கம் லைனில் தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் கலந்து ஓடும். கூட்டமும் சில நேரம் அப்படிப் பிரிந்து உட்காரும். நோன்பு மாதத்தில் யாருக்கு எந்த நேரம் முடியாது, ஆடி மாதத்தில் எந்த ஊரில் திருவிழா என்று தெரிந்து வைத்திருக்கிற சூப்பர்வைசருக்கு லீவு லெட்டர் முதல் நாளே வரும். மற்றவருக்கு மறுநாள் காரணம் வரும்.

இனி ஊக்கம், மோட்டிவேஷன். உங்கள் நண்பர் முதலில் மாஸ்லோ என்ற உளவியலாளரின் பிரமிடைத்தான் காட்டுவார். 1943-இல் மாஸ்லோ எழுதிய கட்டுரையில் பிரமிடே இல்லை, பிற்பாடு யாரோ வரைந்தது. சோறு, பாதுகாப்பு, சொந்தபந்தம், மதிப்பு, தன் திறமையின் உச்சம் என்று மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கினார். அடுக்கு புரிந்துகொள்ள வசதி. ஆனால் கையில் இருநூறு ரூபாய் இருக்கும்போது மளிகையை ஒத்திப்போட்டுவிட்டு மொய் எழுதப் போகிற ஊர் நம்முடையது. இங்கே படி அந்த வரிசையில் ஏறுவதில்லை.

ஹெர்ஸ்பெர்க் என்ற இன்னொரு உளவியலாளர் உங்களுக்கு அதிகம் பயன்படுவார். 1959-இல் வந்த ஆய்வு. பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 இன்ஜினியர்கள், கணக்கர்களிடம் "வேலையில் எப்போது சந்தோஷமாக இருந்தீர்கள், எப்போது வெறுத்தீர்கள்" என்று கேட்டார்கள். வெறுப்புக்குச் சொன்ன காரணங்கள் ஒரு பட்டியல்: சம்பளம், மேற்பார்வை, விதிமுறை, வேலை செய்யும் இடம். சந்தோஷத்துக்குச் சொன்னவை வேறு பட்டியல்: சாதித்தது, பாராட்டு, பொறுப்பு, வேலையே பிடித்திருந்தது. முதல் பட்டியலைச் சரி செய்தால் வெறுப்புதான் போகும், உற்சாகம் அதனால் வராது என்பது அவர் வாதம். நல்லது நடந்தால் தன்னால் என்றும் கெட்டது நடந்தால் சுற்றுப்புறத்தால் என்றும் யாரும் சொல்வார்கள், அதனால்தான் பட்டியல் அப்படிப் பிரிந்தது என்று அவரை மறுத்தவர்களும் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் இருக்கிறது. ஆனாலும் வேலூர் மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே நின்றவர்களுக்கு முதல் பாதி புரியும். ஃபேன் ஓடினால் யாரும் வந்து நன்றி சொல்ல மாட்டார்கள். நின்றால் அன்றைக்கு வேறு எந்தப் பேச்சும் எடுபடாது. பாத்ரூம், குடிதண்ணீர், கேன்டீன் சாம்பார் இவற்றைச் சரி செய்துவிட்டு, "இவ்வளவு செய்தும் உற்சாகம் இல்லையே" என்று வருத்தப்படாதீர்கள். அது நீங்கள் பள்ளத்தை மூடியது. மேடு வேறு வேலை.

அடுத்தது நியாயம். ஸ்டேசி ஆடம்ஸ் என்பவர் 1963-இல் எழுதியது: மனிதர் தனக்கு எவ்வளவு கிடைத்தது என்று மட்டும் பார்ப்பதில்லை, தன் உழைப்புக்குத் தன் கூலியை, பக்கத்து ஆளின் உழைப்புக்கு அவர் கூலியோடு வைத்துப் பார்க்கிறார். ஒரு தீபாவளிக்கு நாங்கள் போனஸ் கொடுத்தோம், சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் 8.33 சதவீதத்துக்கு மேலேயே. ஒரு முணுமுணுப்பு இல்லை. மறுநாள் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தோம். ஸ்டாஃபுக்கு ஒரு கிலோ, லைனுக்கு அரைக் கிலோ. யார் யோசனையோ, நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து பார்த்தால் செக்கிங் டேபிள் மேல் நாற்பது, ஐம்பது பாக்ஸ் அடுக்கி வைத்திருந்தார்கள், கட்டுக்கூடப் பிரிக்காமல். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. போனஸில் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பெயரை அரைக் கிலோ லட்டில் தொலைத்தோம். உங்கள் கையில் பணம் இல்லை, ஆனால் பங்கு போடும் வேறு விஷயங்கள் இருக்கின்றன. யாருக்கு நல்ல மிஷின், யாருக்குக் கறுப்புத் தோல் தைக்கும் வேலை (கண்ணுக்குக் கஷ்டம், தெரியுமே), யாரை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறீர்கள். இதில் முறை வைத்து, அந்த முறையை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி ஒட்டுங்கள். அத்தைக்கு ஒரு தடவை சலுகை காட்டினீர்கள் என்றால் மீதி 35 பேரும் கூட்டிக் கழித்து வைத்திருப்பார்கள்.

இப்போது நான் செய்த தப்பு. லைன் பார்த்த காலத்தில், பையர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள். ஒரு அம்மாவின் மிஷினில் வலது கால் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) பன்னிரண்டு வரிசையாகத் தையல் விலகி வந்திருந்தது. எல்லோரும் பார்க்க ஒரு அப்பரைத் தூக்கிக் காட்டிக் கத்தினேன். என்ன சொன்னேன் என்பதை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மெக்கானிக் வந்து பார்த்தார், மிஷினில் தோலை அமுக்கிப் பிடிக்கும் ஃபுட் லூஸ். அந்த அம்மா காலையிலிருந்து இரண்டு தடவை சொல்லியிருக்கிறார், யாரும் வரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் என் லைனில் ரிஜெக்ட் குறைந்துகொண்டே வந்தது. கத்தினால் வேலை நடக்கிறது என்று நினைத்தேன். நாலாவது வாரம் லாஸ்டிங்கிலிருந்து (அப்பரைக் கால் அச்சில் மாட்டும் பகுதி) ஆள் வந்தார், கையில் ஒரு கட்டு அப்பர். மேலே நாலு, கீழே நாலு நல்லது. நடுவில் சொருகியிருந்ததெல்லாம் கெட்டது. ரிஜெக்ட் குறையவில்லை, என் கண்ணில் படுவதுதான் குறைந்திருக்கிறது.

ஹார்வர்டில் இருக்கும் ஏமி எட்மண்ட்சன், ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராயப் போனார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். நல்ல குழுக்களில்தான் கணக்கில் தவறு அதிகமாக இருந்தது. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததைச் சொன்னார்கள். சொன்னால் தலை போகாது என்ற தைரியம் இருந்தது. 1999-இல் இதை உளவியல் பாதுகாப்பு என்ற பெயரில் எழுதினார். வேலூரில் தெருவுக்கு ஒரு நர்ஸ் வீடு உண்டு. எந்த வார்டில் சிஸ்டர் வாயைத் திறந்து "டாக்டர், டோஸ் சரியா?" என்று கேட்க முடியும், எந்த வார்டில் முடியாது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நான் கடைசியில் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். முதலில் தனியாகக் கேட்டேன், அது செல்லவில்லை. திட்டியது எல்லோர் முன்னாலும், மன்னிப்பு மட்டும் மூலையிலா? அப்புறம் டீ நேரத்தில், அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் கேட்டேன். அடுத்த நாள் ஒரு பெண் தானாகக் கெட்ட பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

இனி "கறாராக இரு" என்பதற்கு வருகிறேன். எங்கள் வேலூரைக் கேலி செய்ய ஒரு பழைய பட்டியல் உண்டு: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், அதிகாரம் இல்லாத போலீஸ் என்று நீளும். (கோயிலில் 1981-இல் சாமி வந்துவிட்டார், பட்டியலைத்தான் யாரும் திருத்தவில்லை.) அதில் லைன் சூப்பர்வைசரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆள் எடுக்க முடியாது, நிறுத்த முடியாது, சம்பளம் ஏற்ற முடியாது, ஒரு நாள் லீவுகூட மேலே கேட்டுத்தான். திட்டு மட்டும் நேராக வரும். 1959-இல் ஃபிரெஞ்ச், ரேவன் என்ற இருவர் ஒருவருடைய செல்வாக்கு எங்கிருந்து வருகிறது என்று ஐந்தாகப் பிரித்தார்கள்: பதவி, கொடுக்கும் சக்தி, தண்டிக்கும் சக்தி, தொழில் தெரிந்தவர் என்பது, இவர் மாதிரி இருக்க வேண்டும் என்று பிறர் நினைப்பது. முதல் மூன்றும் உங்களிடம் அரைகுறை. நாலாவது நிறையவே இருக்கிறது, ஆறு வருடம் தைத்த கை. ஒருத்திக்கு ஊசி ஒடிந்துகொண்டே இருந்தால் நின்று அதட்டாமல் அவர் இடத்தில் உட்கார்ந்து பத்து ஜோடி தைத்துப் பாருங்கள். கோளாறும் தெரியும், நீங்கள் தைப்பதை மற்றவர்களும் பார்ப்பார்கள்.

வெறும் அதட்டல் என்ன தரும் என்று லெவினும் அவர் கூட இருந்தவர்களும் 1939-இல் எழுதியிருக்கிறார்கள். பத்து வயதுப் பையன்கள், கைவேலை செய்யும் சின்னக் குழுக்கள். சர்வாதிகாரத் தலைவர் இருந்த குழு, அவர் இருக்கும்வரை வேலை செய்தது. வெளியே போனதும் நின்றது. கலந்து பேசி நடத்திய குழு, தலைவர் போன பிறகும் தொடர்ந்தது. எதையும் கண்டுகொள்ளாத தலைவரின் குழுதான் எல்லாவற்றிலும் மோசம். நீங்கள் அந்த மூன்றாவது வகையாகவும் ஆகிவிடக் கூடாது. பழகியவர்கள் ஆயிற்றே என்று விட்டுவிடுவது புதிய சூப்பர்வைசர்களுக்கு வருகிற முதல் வியாதி.

நம் நாட்டுக்குப் பொருந்துகிற மாதிரி பாட்னாவைச் சேர்ந்த ஜே.பி.பி. சின்ஹா 1980-இல் எழுதினார். இங்கே வேலைக்கு வருபவர்கள் மேலே இருப்பவரிடம் கொஞ்சம் அக்கறையை எதிர்பார்க்கிறார்கள், வீட்டில் பெரியவரிடம் எதிர்பார்ப்பது போல. அந்த அக்கறையைக் காட்டுங்கள், ஆனால் வேலையோடு சேர்த்து. வேலை பழகப் பழகப் பிடியைத் தளர்த்தி அவர்களையே முடிவெடுக்க விடுங்கள் என்றார். பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட அட்வான்ஸ் வாங்கிக் கொடுப்பார்கள், பத்து வருடம் ஆனாலும் ஒரு பாபின் மாற்றும் முடிவைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள். விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அகமதாபாத் இருக்கிறது. 1953-இல் காலிகோ மில்லில், தானியங்கித் தறிக்கூடம் சரியாக ஓடாதபோது, லண்டனிலிருந்து வந்த ஏ.கே. ரைஸ் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு ஒரு துண்டு வேலை என்று சிதறிக் கிடந்ததை விட்டு, சில தறிகளுக்கு ஒரு சிறு குழு, அதன் முழுப் பொறுப்பும் அந்தக் குழுவுக்கே என்று. அதை எப்படிப் பிரிப்பது, யார் யாரோடு என்பதையெல்லாம் தொழிலாளர்களும் சூப்பர்வைசர்களுமே பேசி அமைத்துக்கொண்டார்கள். உற்பத்தி ஏறியது, சேதம் குறைந்தது. 36 பேரை ஒரே லைனாகப் பார்க்காமல், ஒரு டிசைனுக்கு ஏழெட்டுப் பேர் சேர்ந்து முழு அப்பரையும் முடிப்பது போல ஒரு வாரம் முயன்று பார்க்க மேனேஜர் விடுவாரா, கேளுங்கள். யாரோடு யார் என்பதை அவர்களே சொல்லட்டும். வேன் சீட் மாதிரியேதான் சொல்வார்கள், பரவாயில்லை.

இன்னொன்று, பெண்கள் அதிகம் இருக்கும் லைன் என்பதால். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லைப் புகாரைக் கேட்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். உங்கள் கம்பெனியில் அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, லைனில் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டுங்கள். யாராவது உங்களிடம் வந்து சொன்னால் பஞ்சாயத்து பேசி முடித்து வைக்கப் பார்க்காதீர்கள், குழுவுக்குப் போக வழி செய்யுங்கள்.

கடைசியாக அத்தை. வீட்டில் "டேய்" என்பவர் லைனில் "சார்" என்று கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், அவருக்கும் வாய் வராது, கேட்பவர்களும் சிரிப்பார்கள். பெயர் சொல்லட்டும், "தம்பி" என்னட்டும். நீங்களும் மற்றவர்களை அக்கா, அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்த வேண்டாம். மரியாதையாகக் கூப்பிட்டு "இந்தப் பீஸ் திரும்பத் தைக்கணும் அக்கா" என்று சொல்ல முடியும். அத்தையிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டுப் பேசுங்கள். "அத்தை, ரிஜெக்ட் வந்தால் உன்னிடம்தான் முதலில் கொண்டுவருவேன், ஞாயிறு டூட்டிக்கு உன் பெயரும் முறைப்படி வரும், கோபித்துக்கொள்ளாதே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர் கொஞ்சம் முறைப்பார். ஆனால் முதல் தடவை அவர் பீஸ் திரும்பி வந்து, அவர் வாய் பேசாமல் வாங்கித் தைத்தார் என்றால், மீதிப் பேரிடம் நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டியது பாதி குறைந்துவிடும். அந்தப் பேச்சை மட்டும் வேனில் வைத்துக்கொள்ளாதீர்கள், இறங்குவதற்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும்.